எந்தத் தெரு?

புதன், திருச்சி

கோலாலம்பூரில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரர் தன் பெட்டியில் எத்தனை கோடாலித் தைலம், எத்தனை மைலோ டின் இருக்கிறதென்று சொல்லி முடிப்பதற்குள் திருச்சி வந்துவிட்டது. நாலு மணி நேரம்கூட இல்லை. குடிநுழைவு வரிசையில் பாதிப் பேர் எங்களைப் போலச் சிவப்பு மலேசியக் கடப்பிதழ்காரர்கள் (கடப்பிதழ் என்றால் எங்கள் ஊரில் பாஸ்போர்ட்).

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"சொந்தக்காரங்களப் பார்க்க."

பாதி உண்மை. எந்தச் சொந்தக்காரர், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் எனக்கே தெரியாது.

மீதி உண்மை, ஓசிஐ அட்டை. 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' என்ற பெயரில் இந்திய அரசு வம்சாவளியினருக்குத் தருவது. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அன்றைக்கு அப்படி ஆகத் தகுதி பெற்றிருந்தவர், அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை விண்ணப்பிக்கலாம் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு. நான் கொள்ளுப்பேத்தி, கடைசிப் படி. மகள் அந்தப் படிக்கும் கீழே நிற்கிறாள். ஆனால் சட்டத்தில் ஒரு சின்னச் சந்து உண்டு. தகுதியுள்ளவரின் பிள்ளை பதினெட்டு நிறையாதவராக இருந்தால் அவருக்கும் அட்டை கிடைக்கும். மகளுக்குப் பதினேழு நடக்கிறது. அதனால்தான் பள்ளி விடுமுறை விட்ட கையோடு கிளம்பிவிட்டோம்.

தம்பிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் நம்முடையதைப் பறிக்கலாம் என்கிறது மலேசிய அரசமைப்பின் 24ஆம் விதி. நீல ஐசிக்காக, குடிமக்களுக்கான அந்த அடையாள அட்டைக்காக, தாத்தா எத்தனை வருடம் அலைந்தார் தெரியுமா என்று விமான நிலையம் வரை வந்து சண்டை போட்டான். அவனுக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: ஓசிஐ பெயரில்தான் குடியுரிமை. ஓட்டு கிடையாது. தேர்தலில் நிற்க முடியாது. விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. கல்லூரியில் இந்தியக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய இடம் கிடையாது, என்ஆர்ஐ இடங்கள்தான். 2021 அறிவிப்புக்குப் பிறகு பத்திரிகை வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் தனி அனுமதி வேறு. என் கணக்கில் அது ஓர் ஆயுள் விசா, பெயரை மட்டும் பெரிதாக வைத்துவிட்டார்கள்.

"அப்புறம் எதுக்கு?" என்றான். மகள் இங்கே கட்டடக் கலை படிக்க நினைக்கிறாள் என்றேன். இன்னொரு காரணத்தைச் சொல்லவில்லை. நான் யாருடைய பிள்ளையின் பிள்ளை என்று ஏதாவது ஓர் அரசாங்கம் ஒரு முறையாவது எழுதித் தரட்டும் என்ற ஆசை.

கையில் இருப்பவை: என் சூராட் பெரானா (பிறப்புப் பத்திரம்), அப்பாவுடையது, 1934இல் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த தாத்தாவுடையது. மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நாலாமவர் கொள்ளுத்தாத்தா. அவரிடம் மிஞ்சியது ஒரு சிவப்பு ஐசி. சிவப்பு என்றால் நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. இந்தியாவில் பிறந்தவர் என்பதோடு சரி, எந்த ஊர், எந்த ஜில்லா என்று எந்தத் தாளிலும் இல்லை. அதைச் சொல்வது ஒரு நீல வான்கடிதம்தான். 1971இல் அவருடைய தம்பி யாரையோ வைத்து எழுதியது. மழை இல்லை, மாடு செத்துவிட்டது, முடிந்தால் பணம் அனுப்பவும். பின்பக்கம் அனுப்புநர் முகவரி: ஓர் ஊர்ப் பெயர், வழி ஜெயங்கொண்டம், திருச்சி ஜில்லா.

அந்தத் திருச்சி ஜில்லா இப்போது இல்லை. ஜெயங்கொண்டம் பக்கம் 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போய், 2001இல் அரியலூர் மாவட்டமாகி, மறுவருடமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்து, 2007இல் மறுபடி அரியலூர் ஆனது. மனிதர்கள் நகராமலே மாவட்டம் மாறியிருக்கிறது.

வியாழன், நாகப்பட்டினம்

மகள்தான் முதலில் நாகப்பட்டினம் என்று அடம்பிடித்தாள். கிளம்பின இடத்தைப் பார்க்காமல் எப்படி ஊருக்குப் போவது என்பது அவள் வாதம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக ரயில்.

பார்க்க ஒன்றும் இல்லை. கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறைமுகம், சுனாமிக்குப் பிறகு எழுந்த வீடுகள், காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய கப்பலுக்கான அறிவிப்பு. மலாயாவுக்குப் போனவர்களைத் தங்கவைத்த டிப்போ எங்கே இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள்.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் நின்றது. அதன்பின் கங்காணி முறைதான் பெரிது. தோட்டத்தில் வேலை பார்ப்பவரே உரிமம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்து, தெரிந்த முகங்களைப் பார்த்து ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் டிப்போ, அங்கே சில நாள், பிறகு கப்பல், பினாங்கில் நோய்த்தடுப்பு முகாம், அப்புறம் தோட்டம். 1938இல் இந்திய அரசு இந்த ஆள் சேர்ப்பைத் தடுத்துவிட்டது. கொள்ளுத்தாத்தா போனது 1920களின் பின்பாதியில். கங்காணி அவருக்குச் சொந்த ஊர்க்காரர் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த உறவைப் பற்றி நல்ல வார்த்தை எதுவும் கேட்டதில்லை.

இதே ஊரில்தான் கடாரத்து அரசன் கட்டிய சூடாமணி விகாரம் இருந்தது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தை நிவந்தமாகக் கொடுத்தான். அவன் மகன் ராஜேந்திரன் 1025இல் அதே கடாரத்தின் மேல் கப்பற்படையை அனுப்பினான். நாங்கள் இருப்பது அந்தக் கடாரத்தில்தான், இன்றைய கெடாவின் சுங்கைப்பட்டாணியில். கடாரத்தின் பழஞ்சின்னங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். எங்கள் ஊர்த் தமிழ் நிகழ்ச்சி எதுவும் "கடாரம் கொண்டான்" இல்லாமல் தொடங்காது. கைதட்டவும் செய்வேன். ஆனால் என் கொள்ளுத்தாத்தா கடாரத்தைக் கொள்ளப் போகவில்லை. பால் வெட்டும் கத்தியைக் கையில் வாங்கப் போனார்.

வெள்ளி, ஜெயங்கொண்டம்

கும்பகோணம் வந்து, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே ஏறினால் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. நெல் போய் முந்திரி வருகிறது. வழியில் கங்கைகொண்ட சோழபுரம். மகள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்து விமானத்தின் வளைவை வரைந்துகொண்டிருந்தாள். நான் நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயங்கொண்டத்தில் விடுதி. அறை தருவதற்கு முன் எங்கள் கடப்பிதழை நகலெடுத்து, வெளிநாட்டவர் தங்குவதற்கான படிவத்தை ஒரு பையன் கணினியில் நிரப்பினான். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டுக்காரர் இதைப் பதிவு செய்ய வேண்டுமாம். "வந்த காரணம்னு என்ன போடட்டும் மேடம், டூரிஸ்டா?" போடு என்றேன்.

மதியம் ஓர் அலுவலகத்தில் விசாரித்தோம். அங்கிருந்த அம்மா பொறுமையாகவே சொன்னார். இருப்பிடச் சான்று இங்கே குடியிருப்பவருக்குத்தான். நூறு வருடத்துக்கு முன் போனவருக்கு இன்றைக்கு எப்படித் தருவது? பிறப்புப் பதிவு? அந்தக் காலத்தில் கிராம முன்சீப்தான் பிறப்பு இறப்பு எழுதியவர். எழுதியிருந்தாலும் பல இடத்தில் 'ஆண் குழந்தை' என்றுதான் இருக்கும், பெயர் இருக்காது. கர்ணம், முன்சீப் பதவிகளையே 1980இல் எடுத்துவிட்டார்கள், அவர்கள் வைத்திருந்த கட்டுகளில் எது எங்கே போனதென்று அந்தந்த ஊரைக் கேட்டால்தான் தெரியும்.

"நிலம் கிலம் இருந்துச்சா உங்க தாத்தாவுக்கு?"

"இருந்துச்சுன்னு பாட்டி சொல்வாங்க."

"அப்ப ஊருக்குப் போங்க. நிலம் இருந்தா பேரு இருக்கும்."

சனி, ஊர்

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

பேருந்து நின்ற இடத்தில் ஓர் ஆலமரம், ஒரு தேநீர்க் கடை, கட்சிக் கொடிக்கம்பங்கள். கடையில் நாலைந்து பேர். வான்கடிதத்தை நீட்டி, இந்தப் பெயரில் ஒருவர் இருந்தாரா என்று கேட்டேன். ஒரு பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிப் படித்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி:

"எந்தத் தெரு?"

தெரியாது என்றேன்.

"தெரு தெரியாம எப்படிம்மா? இந்தப் பேருல ஊருக்குள்ள நாலு பேரு இருந்திருப்பான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், எங்கள் செருப்பைக்கூடப் பார்த்தார் என்று தோன்றியது. இன்னொருவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "ஊர்த் தெருவா, காலனியா?"

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இந்தக் கேள்வியின் பொருள் புரியாதவள் இல்லை. ஆனால் என்னிடம் இதை யாரும் நேருக்கு நேர் கேட்டதில்லை. தோட்டத்தில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது, கல்யாணப் பேச்சு வரும்போது எல்லா வீட்டிலும் அடிக்குரலில் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஏன் போனார் என்று அந்த ஆலமரத்தடியில் நிற்கும்போது விளங்கியது.

"காலனியா இருக்கலாம்" என்றேன்.

கடையில் ஒருவித அமைதி. யாரும் முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் உடனே கையை நீட்டி வழி சொன்னார். கேள்விக்கு விடை கிடைத்ததும் ஊரே தெளிவாகிவிட்டது அவர்களுக்கு. எந்தப் பதிவேட்டையும் விட வேகமான தேடுமுறை. அதை நான் ரசித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வாய்க்காலைத் தாண்டி, அரை கிலோமீட்டர் நடந்தால் காலனி. மாரியம்மன் கோயில், அம்பேத்கர் சிலை, அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. சிலைக்குக் கூண்டு எதற்கு என்று மகள் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

கடிதத்தை வாங்கிப் பார்த்த ஓர் அக்கா சத்தம் போட்டே கூப்பிட்டார்: "பெரியம்மா! மலாயாக்காரவுங்க வந்திருக்காங்க!"

எங்களுக்கு இங்கே ஒரு பெயர் இருந்திருக்கிறது. மலாயாக்காரவுங்க. அவர்கள் வீட்டுக்குள் எங்களை அப்படித்தான் அழைத்திருக்கிறார்கள், நாங்கள் இல்லாமலே.

பெரியம்மாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்குப் பேரன் ஒருவர் இருந்தார், அவருடைய மனைவி. மகள் முகத்தைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "மூக்கு எங்க மாமனாரு மூக்கு" என்றார். மாமனார் என்றால் என் தாத்தாவுக்குச் சித்தப்பா மகன். அந்த மூக்கு எப்படிச் சுற்றி என் மகளிடம் வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வரத்தான் செய்கிறது.

"பணம் வந்துச்சு" என்றார் திடீரென்று. எனக்குப் புரியவில்லை. "அந்தக் காயிதம் போட்டதுக்கு. மாடு வாங்கினோம்." 1971இல் கொள்ளுத்தாத்தா பணம் அனுப்பியிருக்கிறார். எங்கள் பக்கம் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. இவர்களுக்கு மாட்டின் நிறம்கூட நினைவிருக்கிறது, செவலை.

சாயங்காலம் பெரியம்மாவின் மகன் வேலை முடிந்து வந்தார். கொத்தனார். எனக்கு அண்ணன் முறை. முதலில் ரொம்பக் கூச்சம், நாற்காலியில் உட்கார மறுத்துத் திண்ணையிலேயே இருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கொள்ளுத்தாத்தா இந்த ஊரில் பிறந்தவர் என்பதற்கு ஒரு தாள் வேண்டும், எந்தத் தாளாக இருந்தாலும் பரவாயில்லை.

அண்ணன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை, உறையிலிருந்து ஒரு கட்டு. மேலே இருந்தது ஆர்எஸ்ஆர் நகல். வெள்ளைக்காரர் காலத்து மறு நிலவரித் திட்டப் பதிவேடு, ஒவ்வொரு பக்கத்திலும் அலுவலக முத்திரை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மேல்முறையீடும் போட்டு வாங்கியிருக்கிறார். புல எண், விஸ்தீரணம், புன்செய், அப்புறம் பெயர். இன்னார் மகன் இன்னார். தாத்தாவின் 1934 பெரானாப் பத்திரத்தில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் இருக்கும் அதே இரண்டு பெயர்கள், அதே வரிசையில்.

மகள் இரண்டு தாளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். அண்ணனிடம் கேட்டேன், இதை எதற்கு வாங்கினீர்கள் என்று.

"அது பஞ்சமி நிலம் தங்கச்சி" என்றார். "நாளைக்குக் காட்டுறேன்."

ஞாயிறு, அதே ஊர்

பஞ்சமி நிலம் பற்றி மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், அங்கிருந்த பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். அதை ஒட்டி 1892இல் அரசாணை. அதன்படி சென்னை மாகாணம் முழுக்க ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன, மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நிபந்தனை: முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பிறகும் அதே ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கொடுக்கலாம். மீறினால் அரசு எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தாலுகாவில் ஜமீன் ஊர்களும் உண்டு. எங்கள் ஊர் சர்க்கார் கிராமம், அதனால் ஒப்படை நடந்திருக்கிறது, ஏடும் இருக்கிறது.

நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. கடனுக்கும், வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டுக்கும், சில இடங்களில் வெறும் மிரட்டலுக்கும். 1979இலிருந்து 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. இங்கே எல்லோரும் யூடிஆர் என்கிறார்கள். அப்போது யார் அனுபவத்தில் இருந்தார்களோ அவர்கள் பெயர் ஏறி, பல இடங்களில் ஒப்படை என்ற குறிப்பே காணாமல் போயிற்று. மீட்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1994இல் செங்கல்பட்டு அருகே காரணை விஷயத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து, இருவர் இறந்தார்கள்.

அண்ணன் எங்களை அழைத்துப் போனார். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். முள்கம்பி வேலி, உள்ளே வரிசையாக முந்திரி மரங்கள், ஒரு மூலையில் ஆழ்துளைக் கிணறு. உள்ளே போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினோம், அதுவும் சின்னக் குரலில்.

கொள்ளுத்தாத்தா பெயரில் ஒப்படை ஆன கொஞ்ச காலத்தில் மழை பொய்த்திருக்கிறது. உழ மாடும் இல்லை. கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவர் கப்பல் ஏறியிருக்கிறார். தம்பி பல வருடம் கழித்துக் கடனுக்காக ஊர்த் தெருக்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நிபந்தனைப்படி அந்த எழுத்து செல்லாது. "செல்லாதுன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும்" என்றார் அண்ணன்.

நிலத்தை அரசு மீட்டு, காலனியில் நிலமில்லாத குடும்பங்களுக்குத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று அவர்கள் மனுக் கொடுத்தபடி இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறது. ஒப்படைதாரர் அண்ணன்காரர், நீங்கள் தம்பி வழி, மலாயா போனவருக்கு வாரிசு இருந்தால் அவர்கள் என்ன சொல்கிறார்கள், எழுத்து இருக்கிறதா?

எழுத்து நான்தான். அவர் கேட்கவே இல்லை. பெரியம்மாதான் கேட்டார், சோறு போட்டுக்கொண்டே, மீன் குழம்பை ஊற்றுகிற அதே குரலில்: "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ தாயி."

தம்பிக்கு அழைத்தேன். அவன் சொல்வான் என்று நினைத்ததையே சொன்னான்: இந்தியாவில் எதிலும் கையெழுத்துப் போடாதே, கேஸ் வரும், விசாவே கிடைக்காது, அட்டை வாங்கப் போனவள் அட்டையை வாங்கிக்கொண்டு வா. அவன் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். குடிமகன் ஆவதற்கே அலைந்த வீட்டில் பிறந்தவன், எந்த அரசாங்கத்தின் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் பத்திரம் என்று நம்புகிறான்.

ஆனால் இப்படி யோசித்துப் பார்த்தேன். தூதரகத்துக்கு நான் நிரூபிக்க வேண்டியது என்ன? அந்தப் பெயருக்குரியவரின் கொள்ளுப்பேத்தி என்று. அண்ணனுக்கு நான் எழுதித் தர வேண்டியது என்ன? அதே வாக்கியம். எனக்கு வேண்டியபோது மட்டும் அவர் பேத்தி, இவர்களுக்கு வேண்டியபோது மலேசியக்காரி என்றால் அது நியாயமாகப் படவில்லை. அதிலும் எனக்கு வேண்டிய தாளே இவர்கள் மூன்று வருடம் நடந்து வாங்கி வைத்தது.

மகளிடம் கூண்டுக்குள் இருக்கும் சிலையைப் பற்றி ராத்திரி சொன்னேன். பாட்டி ஏன் எழுந்து போவார் என்பதையும் சேர்த்து. அவள் கேட்டது ஒன்றுதான்: "பாட்டி கடைசி வரைக்கும் ஊர்ப் பேரை மட்டும் மறக்கலையே, அது ஏன்?" எனக்குப் பதில் தெரியவில்லை, தூங்கு என்றேன்.

திங்கள், அரியலூர்

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே போய்விட வேண்டும் என்று அண்ணன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். காலனியிலிருந்து இன்னும் ஆறேழு பேர், எல்லோரும் வெள்ளைச் சட்டை. வழியெல்லாம் சிமெண்ட் ஆலை லாரிகள். சாலையோரப் புளியமரங்கள் சாம்பல் பூத்து நிற்கின்றன.

முதலில் தட்டச்சுக் கடை. பிரமாணப் பத்திரம் என்று சொன்னதும் கடைக்காரர் நான் பெயர் சொல்வதற்குள் பாதி அடித்துவிட்டார், அவ்வளவு பழக்கம். கொள்ளுத்தாத்தாவிலிருந்து என் வரைக்கும் நாலு பெயரும் வரிசையாக வந்தன. அடுத்த பத்தியில், மேற்படி சொத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் எக்காலத்திலும் எவ்விதப் பாத்தியதையும் இல்லை என்று ஒரு வரி.

மகள் அதைப் படித்துவிட்டு, "என்னையும் சேர்த்தா?" என்றாள்.

"உனக்கு முந்திரித் தோப்பு வேணுமா?"

"வேணாம். ஆனா என்னைக் கேக்கலாம்ல."

நியாயம்தான். கேட்டேன். சரி என்றாள். ஆனால் 'பாத்தியதை இல்லை' என்பதை எடுத்துவிட்டு, நிலம் மீட்கப்பட்டுக் காலனி மக்களுக்கு ஒப்படைக்கப்படுவதற்கு எங்களுக்குச் சம்மதம், நாங்கள் பங்கு கேட்கவில்லை என்று எழுதச் சொன்னோம். தட்டச்சுக்காரர் இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றில்லை. உரிமை இல்லாதவள் சம்மதம் கொடுக்க முடியாது. அண்ணனுக்கு அது உடனே புரிந்தது, "அவங்க சொல்றபடியே அடி" என்றார். நோட்டரி வழக்கறிஞர் முன்னால் கையெழுத்து, கடப்பிதழ் எண், முத்திரை. நாலு பிரதி. மூன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு. தூதரகக் கோப்பில் இதையும் வைக்கப் போகிறேன். தேவையா இல்லையா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வரிசை நீளம். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், குடிநீர், சாதிச் சான்று. எனக்கு முன்னால் நின்ற பெண் மூன்றாம் தலைமுறையாக இதே தாலுகாவில் இருப்பவர், மகனின் சாதிச் சான்றுக்குத் தாத்தாவின் தாள் ஒன்றைக் கேட்கிறார்களாம், அதற்கு அலைகிறார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார். அதே மாதிரிதான் அக்கா என்றேன். அவர் நம்பவில்லை.

எங்கள் முறை வந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பிரமாணப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க இந்தியக் குடிமகளா?"

"இல்லைங்க. மலேசியா."

"அப்ப மனு இவர் பேர்லயே இருக்கட்டும், உங்களது இணைப்பா இருக்கட்டும்." ஆர்எஸ்ஆர் நகலில் இருந்த பெயரையும் என் பத்திரத்தில் இருந்த பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இவர் எப்ப இறந்தார்?"

1976, கெடாவில் என்றேன்.

"இறப்புச் சான்று இருக்கா? அது இருந்தாத்தான் இந்தப் பத்திரத்துக்கு அர்த்தம்."

இல்லை. அதைத் தேடவேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, கேட்டவரும் இல்லை. அதிகாரி மனுவின் ஓரத்தில் குறிப்பெழுதி, கோட்டாட்சியருக்கு அனுப்புவதாகச் சொல்லி, எண் போட்ட ரசீதை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதை மஞ்சப்பைக்குள் வைத்தார்.

ராத்திரி விமானம். திருச்சிக்குப் பேருந்தில் வரும்போது மகள் கைப்பேசியில் ஓசிஐ விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுடைய பகுதியை நிரப்பத் தொடங்கிவிட்டாள். எனக்குத் தம்பியிடமிருந்து செய்தி: கையெழுத்துப் போட்டியா? போட்டேன் என்று பதில் அனுப்பினேன். கூடவே, நாளை மறுநாள் அலோர் ஸ்டார் ஜேபிஎன்னுக்கு (தேசியப் பதிவுத் துறை) என்னோடு வர முடியுமா, கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவைத் தேட வேண்டும், கார் ஓட்ட ஆள் வேண்டும் என்றும். நீண்ட நேரம் கழித்து, எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறான்.

இரண்டு பிரதி வாங்க வேண்டும். ஒன்று தூதரகத்துக்கு, ஒன்று அண்ணனுக்கு.